120 ஃபிலிம் மடிப்புக் கேமரா: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மடிப்புக் கேமரா என்று எதைச் சொல்கிறீர்கள்?

மூடியிருந்தால் ஒரு தடித்த டயரி அளவுதான் இருக்கும். பொத்தானை அழுத்தினால் முன்கதவு திறந்து, துருத்தி விரிந்து, லென்ஸ் வெளியே வந்து நிற்கும். துருத்தியை ஆங்கிலம் பழகியவர்கள் பெல்லோஸ் என்பார்கள். 1930-களிலிருந்து 1950-களின் இறுதிவரை ஜெர்மனியில் இவை ஏராளமாக உருவாயின. 35 மி.மீ. ஃபிலிம் போடும் மடிப்புக் கேமராக்களும் உண்டு. இங்கே பேசுவது 120 ரோல் (தாளோடு சேர்த்து ஸ்பூலில் சுற்றிய அகல ஃபிலிம்) போடும் வகையை மட்டும்.

கையில் ஃபோன் இருக்கும்போது இது எதற்கு?

நெகட்டிவின் அளவுக்காக. 35 மி.மீ. நெகட்டிவ் 24×36 மி.மீ. 120 ரோலில் 6×6 (செ.மீ.) என்று சொல்லப்படுவது உண்மையில் சுமார் 56×56 மி.மீ., அதாவது பரப்பளவில் மூன்றரை மடங்குக்கும் மேல். 6×9 ஐந்து மடங்கைத் தாண்டும். இதே அளவு நெகட்டிவ் தரும் ஹாஸல்பிளாட்டும் மாமியாவும் நாள் முழுக்கச் சுமந்தால் தோள்பட்டை வலிக்கும். மடிப்புக் கேமரா பேன்ட் பையிலேயே அடங்கிவிடும்.

"அந்தக் காலத்துத் தோற்றம்" வேண்டும் என்று வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோவார்கள். பழுதில்லாத ஒரு டெஸ்ஸார் வகை (நான்கு கண்ணாடி) லென்ஸில் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, எஃப்/11 வைத்து (எண் கூடக் கூடத் திறப்பு சிறிது) எடுத்த படம் போன வாரம் வாங்கிய கேமராவில் எடுத்ததுபோலத்தான் இருக்கும்.

வீட்டில் பழைய ஆக்ஃபா கிளிக் III இருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது மடியாத, எளிய லென்ஸ் பொருத்திய பெட்டிக் கேமரா. ஆனால் அதுவும் 120 ரோல்தான் போடும், 6×6 படம்தான் எடுக்கும். ரோல் மாட்டிப் பழகிக்கொள்ள அருமையான கருவி. மடிப்புக் கேமரா வாங்குமுன் ஒரு ரோலை அதில் ஓட்டிப் பாருங்கள்.

எந்த மாடல் வாங்குவது?

நல்ல நிலையில் எது கிடைக்கிறதோ அது. நான் இதை நழுவலாகச் சொல்லவில்லை. எழுபது வயதான கருவியில் முகப்பில் பொறித்த பெயரைவிட அதன் உடல்நிலைதான் படத்தைத் தீர்மானிக்கிறது. ஓட்டைத் துருத்தியுள்ள பெரிய பெயரைவிட உறுதியாக நிற்கும் சின்னப் பெயர் மேல். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் கேமராவுக்கு என் சிபாரிசு ஜைஸ் ஐகான் நெட்டார். 1926-இல் நான்கு ஜெர்மன் நிறுவனங்கள் இணைந்து உருவான ஜைஸ் ஐகானின் மலிவு வரிசை அது. 1950-களில் ஸ்டுட்கார்ட்டில் செய்த 518/16 போன்றவற்றில் மூன்று கண்ணாடிகள் கொண்ட நோவார் லென்ஸ் இருக்கும். முழுத் திறப்பில் ஓரங்கள் மென்மையாகத்தான் வரும், எஃப்/8-க்கு மேல் குறை சொல்ல முடியாது. ஜைஸின் துருத்தியும் பொதுவாக நன்றாக உழைத்திருக்கும். இதே குடும்பத்தில் ஐகான்டா ஒரு படி மேல். ரேஞ்ச்ஃபைண்டரோடு (தூரத்தை அளந்து காட்டும் கருவி) வரும் சூப்பர் ஐகான்டா இன்னும் மேல், விலையும் அப்படியே.

மியூனிக்கில் தயாரான ஆக்ஃபா ஐசோலெட் அழகான கேமரா. ஆனால் இரண்டு நோய்கள் அதற்குக் கூடவே பிறந்தவை. ஒன்று, துருத்தியின் மூலைகளில் ஊசித்துளைகள். மற்றொன்று, ஃபோகஸ் வளையத்தின் கிரீஸ் பச்சை நிறப் பசையாக இறுகிப்போவது. இறுகிய வளையத்தைப் பலம் கொண்டு திருப்பினால் முன் லென்ஸோடு அதன் பின்னால் உள்ள லென்ஸும் சேர்ந்து கழன்று வரும். பிறகு எந்தத் தூரத்துக்கும் ஃபோகஸ் சரியாக நிற்காது. இரண்டையும் சரிசெய்து விற்கும் ஆளிடம் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம், அதுவும் நான்கு கண்ணாடிகள் கொண்ட சோலினார் லென்ஸ் என்றால்.

ஃபோக்ட்லாண்டரின் பெர்க்கியோ 6×6 மடிப்புக் கேமராக்களில் மிகச் சிறியவற்றுள் ஒன்று. கலர் ஸ்கோப்பார் லென்ஸுடன் வரும் பெர்க்கியோ II எனக்குப் பிடித்தது. 6×9-க்கு அவர்களுடைய பெஸ்ஸா வரிசை இருக்கிறது. அப்போ-லாந்தார் லென்ஸ் பொருத்திய பெஸ்ஸா II-ஐப் பார்த்து மயங்க வேண்டாம். அது கண்ணாடி அலமாரியில் வைக்கிறவர்களுக்கான விலை.

சோவியத் நாட்டின் கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் செய்த மாஸ்க்வா-5, சூப்பர் ஐகான்டாவின் வழியில் வந்தது. குறைந்த செலவில் 6×9-ம் ரேஞ்ச்ஃபைண்டரும் தரும். தயாரிப்புத் தரம் ஒன்றுக்கொன்று மாறும் என்பதால் கையில் வாங்கிப் பார்க்காமல் எடுக்காதீர்கள். ஷாங்காயின் சீகல் 203-க்கும் இதே எச்சரிக்கைதான்.

கோடாக்கில் அழகான மடிப்புக் கேமரா சல்லிசாகக் கிடைக்கிறதே?

அதில் மாட்டும் ரோல் எது என்று பாருங்கள். 120 ரோல் 1901-இல் கோடாக் கொண்டுவந்தது, இன்றும் கிடைக்கிறது. 1930-களின் தொடக்கத்தில் அதே கோடாக் 620 என்ற ரோலை அறிமுகப்படுத்தியது. ஃபிலிமும் தாளும் அதே அளவு, ஸ்பூல் மட்டும் ஒல்லி. 1995-இல் அதை நிறுத்திவிட்டார்கள். விஜிலன்ட், மானிட்டர் போன்ற கோடாக் மடிப்புக் கேமராக்கள் பலவும் 620 கேட்பவை. 120 ஃபிலிமை இருட்டில் 620 ஸ்பூலுக்குச் சுற்றி மாற்றலாம். அதற்குப் பழைய ஸ்பூல் இரண்டு கையில் இருக்க வேண்டும், பொறுமையும் வேண்டும். 116, 616 (இவையும் நிறுத்தப்பட்ட ரோல்கள்தான், அளவும் வேறு) என்று எழுதியிருந்தால் அப்படியே வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

6×4.5, 6×6, 6×9: எது நல்லது?

ஒரு ரோலில் முறையே 16, 12, 8 படங்கள். ஃபிலிம் விலையைப் பார்த்தால் 6×9 கையைக் கடிக்கும். துருத்தி நீளமாக நீட்டி நிற்பதால் லென்ஸ் பலகை லேசாகச் சாய்ந்திருந்தாலும் 6×9-இல் ஒரு பக்கம் மங்கிவிடும். 6×6 அந்த விஷயத்தில் மன்னிக்கும் குணம் கொண்டது, கேமராவைத் திருப்பிப் பிடிக்கவும் தேவையில்லை. என் ஓட்டு 6×6-க்கு.

கடையில் கையில் கொடுக்கிறார்கள். எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் திறந்து, லென்ஸ் பலகையை இரு விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் வேண்டாம். பக்கவாட்டிலும் மேலிருந்தும் பாருங்கள், லென்ஸ் பலகை கேமரா உடலுக்கு இணையாக நிற்க வேண்டும். கீழே விழுந்த கேமராவில் கதவுக் கம்பிகள் வளைந்திருக்கும். அதை நிமிர்த்துவது வீட்டு வேலை அல்ல.

பின்கதவைத் திறந்து, ஷட்டரை பி-யில் (அழுத்திப் பிடித்திருக்கும்வரை திறந்தே இருக்கும் நிலை) வைத்துத் திறந்து பிடித்துக்கொண்டு, ஃபோன் டார்ச்சை லென்ஸுக்குள் அடியுங்கள். சிலந்திவலை போன்ற கிளைகள் தெரிந்தால் பூஞ்சை. பாலாடை படிந்ததுபோல மங்கலாக இருந்தால் அது பெரும்பாலும் ஆவியான கிரீஸ், துடைத்தால் போகும். ஓரத்திலிருந்து வானவில் நிறத்தில் குமிழ் பரவியிருந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிய ஆரம்பித்திருக்கின்றன. சிறு கீறல்களுக்கும் தூசுக்கும் பயப்பட வேண்டாம்.

ஸ்பூலைத் திருகும் குமிழ் சுற்றுகிறதா, ஃபிலிம் சுற்றிக்கொள்ளும் பக்கத்தில் காலி ஸ்பூல் இருக்கிறதா, படத்தின் எண்ணைக் காட்டும் பின்பக்கச் சிவப்பு ஜன்னலின் மூடி நகர்கிறதா என்பதையும் பாருங்கள். ஷட்டரும் துருத்தியும் தனிப் பேச்சு.

ஷட்டர் சரியாக இருக்கிறதென்று எப்படித் தெரியும்?

பெரும்பாலான மடிப்புக் கேமராக்களில் லென்ஸின் மேலுள்ள நெம்பை இழுத்து ஷட்டரை ஏற்றிவிட்டுப் பிறகு அழுத்த வேண்டும். காம்பூர், ப்ரான்டோர் வகையில் ஒரு நொடியிலிருந்து வேகங்கள் இருக்கும். எளிய வேரியோ ஷட்டரில் 1/25, 1/75, 1/200, பி, அவ்வளவுதான். எளியதில் கெட்டுப்போகப் பாகங்களும் குறைவு.

ஒரு நொடியில் வைத்து அழுத்துங்கள். ஷட்டர் திறந்தபடி தூங்கிவிட்டால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது. ஃபோனில் நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்து, பின்பக்கம் வழியாக வெளிச்சம் தெரியும் ஃபிரேம்களை எண்ணலாம். ஒரு நொடிக்கு 240, 1/25-க்குப் பத்து சுமாராக வர வேண்டும். 1/100-க்கு மேல் இந்தக் கணக்கு உதவாது. மெதுவான வேகங்கள் மட்டும் கெட்டிருந்தால் விலையைக் குறைத்து வாங்குங்கள், வெயிலில் எடுக்க அவை தேவைப்படுவதில்லை.

செல்ஃப் டைமர் நெம்பைத் தொடாதீர்கள். பழைய ஷட்டர்கள் பாதியில் மாட்டிக்கொள்வது அதில்தான். காம்பூர்-ராபிட்டில் உச்ச வேகம் வேண்டுமென்றால் ஷட்டரை ஏற்றுவதற்கு முன்பே அதில் வைத்துவிட வேண்டும். சைக்கிள் எண்ணெயோ துரு நீக்கும் ஸ்ப்ரேயோ எந்த ஷட்டருக்குள்ளும் போகக் கூடாது.

துருத்தியில் ஓட்டை இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

நன்றாக இருட்டிய அறை வேண்டும். கண் பழகும்வரை சில நிமிடம் உட்காருங்கள். பின்கதவைத் திறந்து, சின்ன எல்.இ.டி. டார்ச்சைத் துருத்திக்குள் விட்டு, பின்பக்கத்தைத் துணியால் மூடிக்கொண்டு வெளியிலிருந்து பாருங்கள். ஓட்டை இருந்தால் நட்சத்திரம் மாதிரி மின்னும். மடிப்பு மூலைகளைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். டார்ச்சைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டுங்கள், நேராக வைத்தால் சில ஓட்டைகள் தெரியாது.

ஒன்றிரண்டு ஊசித்துளைகளை, வளையும் தன்மையுள்ள கறுப்புத் துணி பெயின்டால் மெல்லிய பூச்சாக அடைக்கலாம். காய்ந்த பிறகு மடியுங்கள், இல்லையென்றால் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தடியாகப் பூசினால் கேமரா மூடாது. எல்லா மூலையிலும் ஓட்டை என்றால் புதுத் துருத்திதான் வழி, அந்தச் செலவில் பெரும்பாலும் நல்ல கேமராவே வாங்கிவிடலாம்.

ஆன்லைனில் வாங்கலாமா?

வாங்கலாம். விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: துருத்தியை இருட்டில் டார்ச் விட்டுப் பார்த்தாரா? ஃபோகஸ் வளையம் தாராளமாகச் சுற்றுகிறதா? "சோதிக்கவில்லை, எனக்குக் கேமரா பற்றித் தெரியாது" என்று எழுதியிருந்தால் ஓட்டை இருப்பதாகவே வைத்து விலை பேசுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் அஞ்சல் செலவும் கேமரா விலையைத் தாண்டிப்போகலாம். முதலிலேயே கணக்குப் போட்டுவிடுங்கள்.

லென்ஸில் பூஞ்சை. சுத்தம் செய்ய முடியுமா?

ஆரம்ப நிலையில் முடியும். முன் லென்ஸைக் கழற்றுமுன் அது எந்த இடத்தில் நிற்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தூரக்குறிகள் எல்லாம் பொய்யாகிவிடும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் லென்ஸ் காகிதமும் போதும். பூஞ்சை கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் சுத்தம் செய்த பிறகும் தடம் இருக்கும். படத்தில் லேசாகப் பளிச்சென்ற தன்மை குறையும், அவ்வளவே.

மாட்டிய பிறகு முடிவிலி ஃபோகஸைச் சரிபார்க்க வேண்டும். ஃபிலிம் ஓடும் தண்டவாளங்கள்மேல் ஒரு சொரசொரப்புக் கண்ணாடித் துண்டை, சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்க்கும்படி வையுங்கள். ஷட்டரை பி-யில் திறந்து, முழு அப்பர்ச்சரில், தூரத்துச் செல்ஃபோன் கோபுரத்தைப் பூதக்கண்ணாடி வழியே பாருங்கள். கோபுரம் கூர்மையாகத் தெரியும் இடம்தான் முடிவிலி.

ரேஞ்ச்ஃபைண்டர் இல்லாமல் ஃபோகஸ் செய்வது எப்படி?

தூரத்தைக் கண்ணால் கணிக்க வேண்டும். பயப்படுத்தும் விஷயம் போலத் தெரியும், ஆனால் நெட்டார் போன்ற கேமராக்களைச் செய்தவர்களே வழி சொல்லியிருக்கிறார்கள். ஃபோகஸ் வளையத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, அப்பர்ச்சர் அளவுகோலில் ஒன்று. இரண்டையும் பொருத்திவிட்டால் சில மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை தெளிவாக வரும். 75 மி.மீ. லென்ஸில் எஃப்/11 வைத்து 10 மீட்டருக்குத் திருப்பினால் ஏறக்குறைய 5 மீட்டரிலிருந்து எல்லாமே ஃபோகஸில் இருக்கும். தெருவுக்கும் கோபுரத்துக்கும் இது போதும்.

முகங்கள் எடுக்கும்போதுதான் சிக்கல். ஒன்றரை மீட்டரில் கையளவு தவறினாலும் கண் மங்கி மூக்கு தெளிவாக வரும். நீளம் தெரிந்த ஒரு நூலை வைத்துக்கொள்ளலாம், அல்லது கேமராவின் மேல் செருகும் தனி ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கலாம். பல மடிப்புக் கேமராக்களில் முன் கண்ணாடி மட்டுமே நகர்ந்து ஃபோகஸ் ஆகிறது. கிட்டத்தில் போகப் போக லென்ஸின் தரம் குறைவதற்கு அதுதான் காரணம். முழு லென்ஸும் நகரும் சூப்பர் ஐசோலெட், சோவியத் இஸ்க்ரா போன்றவற்றில் அந்தக் குறை இல்லை.

ஃபிலிமை எப்படி மாட்டுவது, சிவப்பு ஜன்னல் எதற்கு?

நிழலில் மாட்டுங்கள். காலி ஸ்பூல் சுற்றும் குமிழின் பக்கம், புது ரோல் எதிர்ப்பக்கம். தாளின் நாக்கை காலி ஸ்பூலின் பிளவில் செருகி, நேராக ஏறுகிறதா என்று இரண்டு சுற்று பார்த்துவிட்டு மூடுங்கள். புது ரோலை விரலால் லேசாக அழுத்திப் பிடித்தபடி சுற்றினால் தளர்வில்லாமல் ஏறும்.

பிறகு சிவப்பு ஜன்னலைத் திறந்து, அம்புக்குறிகளும் புள்ளிகளும் தாண்டி 1 வரும்வரை சுற்ற வேண்டும். 120 ரோலின் தாளில் மூன்று வரிசை எண்கள் உண்டு. உங்கள் கேமராவின் அளவுக்கான வரிசைக்கு நேராகத்தான் ஜன்னல் இருக்கும். 6×4.5 எடுக்கும் சில பழைய கேமராக்களில் இரண்டு ஜன்னல்கள் இருக்கும். முதலில் ஒன்றில் 1, பிறகு மற்றொன்றில் அதே 1, அடுத்து 2 என்று போக வேண்டும்.

ஜன்னல் சிவப்பாக இருப்பதற்குக் காரணம், அன்றைய ஃபிலிம்கள் பலவற்றுக்குச் சிவப்பு ஒளி தெரியாது. இன்றைய ஃபிலிம்களுக்கு நன்றாகவே தெரியும். ஆகவே சுற்றும்போது மட்டும், உடலால் நிழல் கொடுத்துத் திறந்து, உடனே மூடிவிடுங்கள். மூடி இல்லாத கேமராவில் ஒரு துண்டுக் கறுப்பு டேப் ஒட்டிக்கொள்ளலாம்.

படம் எடுத்த உடனே சுற்றுவதா, அடுத்த படத்துக்கு முன் சுற்றுவதா?

கேமராவைத் திறந்த பிறகு, எடுப்பதற்குச் சற்று முன் சுற்றுவதுதான் என் பழக்கம். மூடிய கேமராவைச் சட்டென்று திறக்கும்போது துருத்தி காற்றை உறிஞ்சி ஃபிலிமை முன்னோக்கி இழுக்கும். பிறகு சுற்றினால் ஃபிலிம் மறுபடி விறைப்பாகத் தட்டையாகும். கதவையும் மெதுவாகத் திறங்கள், விரலால் தடுத்துப் பிடித்தபடி.

இரட்டைப் பதிவைத் தடுக்கும் பூட்டு எல்லாக் கேமராவிலும் கிடையாது. எந்த முறையானாலும் ஒன்றையே கடைப்பிடியுங்கள். மூடுவதற்கு முன் ஃபோகஸை முடிவிலிக்குக் கொண்டுவாருங்கள், சில மாடல்கள் இல்லாவிட்டால் மூடவே மூடாது. ஷட்டரை ஏற்றிய நிலையில் மூடி வைக்க வேண்டாம்.

நம் ஊர் வெயிலுக்கு எந்த ஃபிலிம்?

ஐ.எஸ்.ஓ (ஒளியுணர்வு எண்) 400 ஃபிலிம் எல்லாவற்றுக்கும் நல்லது என்று சொல்வார்கள், மடிப்புக் கேமராவுக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நல்ல வெயிலில் எஃப்/16 வைத்து, ஐ.எஸ்.ஓ எண்ணையே ஷட்டர் வேகமாக வைப்பது பழைய விதி. 400 ஃபிலிமுக்கு 1/400 வேண்டும், வேரியோவில் அது கிடையாது. 1/200-இல் எஃப்/22 வரை மூட வேண்டிவரும். 100 ஃபிலிம் போட்டால் 1/200, எஃப்/11. மேலே சொன்ன 10 மீட்டர் கணக்கோடு அப்படியே பொருந்திவிடும். ஃபோமாபான் 100, இல்ஃபோர்ட் எஃப்.பி.4 பிளஸ் (அது 125), கலருக்கு கோடாக் எக்டார் 100. மழைக்காலத்துக்கும் வீட்டுக்குள்ளேயும் இல்ஃபோர்ட் எச்.பி.5 பிளஸ் (அது 400).

ஃபோனில் உள்ள லைட் மீட்டர் செயலி போதும். சந்தேகம் வந்தால் ஒரு படி கூடுதல் வெளிச்சம் கொடுங்கள். நெகட்டிவ் ஃபிலிம் கூடுதலைத் தாங்கும், குறைவைத் தாங்காது.

படங்களில் வெள்ளையாகப் புகை படிந்திருக்கிறது. என்ன காரணம்?

எங்கே படிந்திருக்கிறது என்பதைப் பாருங்கள். ஒவ்வொரு படத்திலும் ஏறக்குறைய அதே இடத்தில் என்றால் துருத்தி ஓட்டை. கேமராவை வெகுநேரம் திறந்து வைத்திருந்த படங்களில் அது மோசமாக இருக்கும். வட்டமாகவோ, எண்ணின் நிழல் தெரியும்படியோ இருந்தால் சிவப்பு ஜன்னல். ஃபிலிமின் இரு ஓரங்களில் மட்டும் உள்நோக்கி ஊடுருவியிருந்தால் ரோல் தளர்வாகச் சுற்றப்பட்டிருக்கிறது, கேமராவைக் குறை சொல்ல வேண்டாம். படம் முழுக்க வெளுத்து, சூரியனுக்கு எதிரில் எடுத்தவற்றில் மட்டும் அப்படி என்றால் பூச்சில்லாத, இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய லென்ஸாக இருக்கலாம். ஒரு ஹூட் மாட்டுங்கள், அல்லது கையால் மறையுங்கள்.

வீட்டிலேயே டெவலப் செய்யலாமா?

கறுப்பு வெள்ளை என்றால் தாராளமாக. நம் ஊரில் சிக்கல் வெப்பநிலைதான். டெவலப்பர் கணக்குகள் 20 டிகிரிக்குப் போடப்பட்டவை. மே மாதத்தில் குழாய்த் தண்ணீரே 30 டிகிரியைத் தாண்டும். அகன்ற வாளியில் தண்ணீரும் பனிக்கட்டியும் வைத்து, டெவலப்பர் புட்டியை அதில் நிறுத்திக் குளிரவையுங்கள். பனிக்கட்டியை டெவலப்பரில் நேராகப் போட்டால் கரைசல் நீர்த்துவிடும். 24 டிகிரிவரை நேரத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். அதற்கு மேல் நேரம் மிகவும் சுருங்கி, படம் திட்டுத் திட்டாக வரும் அபாயம் உண்டு. வேடிக்கை என்னவென்றால், கலர் ஃபிலிமுக்கான சி-41 முறை 38 டிகிரி கேட்கும், கோடையில் அதற்குத்தான் சிரமம் குறைவு.

டெவலப் செய்ய ஃபிலிமை ஏற்றும் பிளாஸ்டிக் ரீல் எலும்புபோல் காய்ந்திருக்க வேண்டும். வியர்த்த கையோடு, புழுக்கமான அறையில் ஏற்றினால் ஃபிலிம் பாதியில் சிக்கிக்கொள்ளும்.

ட்ரைபாடில் மாட்ட முடியவில்லையே?

பழைய ஐரோப்பியக் கேமராக்கள் பலவற்றில் அடித்துளை 3/8 அங்குலம், இன்றைய ட்ரைபாட் திருகு 1/4 அங்குலம். இடையில் திருகும் சின்னப் பித்தளை வளையம் கிடைக்கிறது. கூடவே ஒரு கேபிள் ரிலீஸ் (கேமராவை அசைக்காமல் ஷட்டரை அழுத்த உதவும் கம்பி) வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபிளாஷ்?

பி.சி. துளை (ஃபிளாஷ் கம்பியைச் செருகும் இடம்) உள்ள கேமராவில் சின்ன எலெக்ட்ரானிக் ஃபிளாஷ் இணைக்கலாம். எக்ஸ், எம் என்று நெம்பு இருந்தால் எக்ஸில் வையுங்கள். எம் என்பது பழைய ஃபிளாஷ் பல்புகளுக்கு.

கடற்கரை ஊரில் கேமராவை எப்படிப் பாதுகாப்பது?

கூட வந்த தோல் உறையைப் பிரித்துத் தனியே வையுங்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சையை வளர்க்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல்லோடு கேமராவை வையுங்கள், ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி உலர்த்துங்கள். மாதம் ஒருமுறையாவது வெளியே எடுத்து, திறந்து, எல்லா வேகத்திலும் ஷட்டரை அழுத்திப் பாருங்கள். ஃபிலிமை ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகே உறையைப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் ஃபிலிமின்மேல் ஈரம் படியும்.

விமானத்தில் ஃபிலிம் கொண்டு போகலாமா?

கைப்பையில் மட்டும். சரக்குப் பைகளைச் சோதிக்கும் கருவிகள் ஃபிலிமைக் கெடுத்துவிடும். கைப்பைகளுக்கும் பல விமான நிலையங்களில் இப்போது சி.டி. ஸ்கேனர்கள் வந்துவிட்டன, அவையும் ஆபத்துதான். ரோல்களை ஒளி ஊடுருவும் தனிப் பையில் போட்டுவைத்து, கையால் சோதிக்கும்படி பாதுகாப்பு ஊழியரிடம் பணிவாகக் கேளுங்கள். கேமராவுக்குள் ரோல் இருந்தால் அதை முடித்துவிட்டுப் போவது நல்லது. பின்கதவைத் திறந்து காட்டச் சொன்னால் உள்ளே இருக்கும் ரோல் போச்சு.